கணினிப் பாடம்: வடிவத்தைப் பாதையாக மாற்றுவது எப்படி?

ராபர்ட்சன்பேட்டையில் வாழும் நாம் மணவிழாப் பத்திரிகையையும் சங்க அழைப்பிதழையும் தமிழில் அச்சிடவே விரும்புகிறோம். வீட்டுக் கணினியில் அழகாக அமைந்த கோப்பு, தமிழ் எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் திறந்ததும் உருக்குலைந்து போவதுண்டு. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அல்லது வெறும் கட்டங்களே தெரியும். அச்சிடுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை அவர் கண்ணில் படாது. ஐந்நூறு பத்திரிகையும் அப்படியே அச்சாகிவிடும். இதைத் தடுக்கும் வழியே இன்றைய பாடம்.

வடிவம் வேறு, பாதை வேறு

2003-இல் தோன்றிய இங்க்ஸ்கேப் விலையில்லாமல் கிடைக்கும் வரைகலை மென்பொருள். அதில் ஒரு செவ்வகம் வரைந்தால், 'இது செவ்வகம். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு' என்றே கணினி நினைவில் கொள்ளும். அகல உயரத்தை மாற்றலாம், மூலைகளை உருட்டலாம். ஒரு மூலையை மட்டும் தனியே நகர்த்த இயலாது. இதுவே வடிவம்.

பாதை என்பது புள்ளிக் கோலம் போன்றது. கணுக்கள் எனப்படும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே அதில் உண்டு. எந்தக் கணுவையும் விரும்பிய இடத்துக்கு இழுக்கலாம். வளைவுகளுக்கான கணக்கை 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே பரவலாக்கினார். கார் உடலின் வளைவுக்குப் பயன்பட்ட அதே முறைதான் நம் எழுத்தின் சுழிக்கும் பயன்படுகிறது.

செய்து பாருங்கள்

நம் ஊரின் அடையாளமான சுரங்கக் கோபுரத்தை வரைவோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது; உச்சியில் சக்கரம் தாங்கிய அந்த உருக்குக் கோபுரத்தின் உருவம் நம் நினைவில் உள்ளது.

1. உயரமான செவ்வகம் ஒன்று வரையுங்கள்.
2. அதைத் தேர்ந்தெடுத்து, 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' என்பதை அழுத்துங்கள். குறுக்குவழி: ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி.
3. 'என்' விசையைத் தட்டினால் கணுக் கருவி வரும். நான்கு மூலைகளிலும் நான்கு கணுக்கள் தெரியும்.
4. மேலிருக்கும் இரண்டு கணுக்களையும் ஒவ்வொன்றாக உள்நோக்கி இழுங்கள். செவ்வகம் கோபுரமாகக் குறுகும்.
5. உச்சியைத் தொடும்படி ஒரு வட்டம் வரைந்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து 'யூனியன்' கொடுங்கள். கோபுரமும் சக்கரமும் ஒரே உருவாகிவிடும்.

எழுத்துக்கும் இதுவே

அழைப்பிதழின் தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து அதே கட்டளையைக் கொடுங்கள். எழுத்துகள் படமாகிவிடும். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு தேவைப்படாது. கொம்பும் காலும் இடம் மாறா. அச்சகத்தார் கோரல்டிரா பயன்படுத்தினால், அதில் இதே வேலைக்கு 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' என்று பெயர். குறுக்குவழி கன்ட்ரோல் + க்யூ.

முக்கிய எச்சரிக்கை

பாதையான எழுத்து மீண்டும் எழுத்தாகாது. மணமகள் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் தட்டச்சு செய்து திருத்த முடியாது. கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் 'அன்டூ' கட்டளையும் உதவாது. எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

முதலில் மெய்ப்புப் பாருங்கள். தமிழ் நன்கு படிக்கத் தெரிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்து, மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு வேறு பெயரில் ஒரு படி எடுங்கள். அந்தப் படியில் மட்டும் எழுத்தைப் பாதையாக்கி அச்சகத்துக்கு அனுப்புங்கள்.

வீட்டுப்பாடம்

பிள்ளைகளே, உங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பாதையாக மாற்றுங்கள். முதலெழுத்தின் ஒரு கணுவை இழுத்து அதன் சுழியை உங்கள் விருப்பப்படி வளையுங்கள். பெற்றோர் அருகிலிருந்து, வளைத்த பிறகும் அது அந்த எழுத்தாகவே படிக்கப்படுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.