உழைக்க இயலாதார்க்கு அரசுதவி

உழைத்து உண்பதே உயர்வென்னும் பாடத்தை நாம் இளமை முதற் கேட்டு வருகின்றோம். ஆயின், உழைக்கும் கை முடங்கிய பின்னர் ஒருவர் எங்ஙனம் உண்பார் என்னும் வினாவிற்கு விடை கூறும் பாடம் நம் புத்தகங்களில் அரிதே. அத்தகையோர்க்கு அரசாங்கம் உதவித் தொகை ஏற்படுத்தியிருக்கின்றது என்பதைப் பலரும் அறிவர். அதனைக் கேட்கும் முறை யாது, கேட்டும் கிடையாமற் போவது ஏன் என்பவற்றை அறிந்தார் சிலரே. விடுமுறையில் ஊர் திரும்பும் நம் மாணவரை நோக்கி, "தம்பி, இந்த மனுவைக் கொஞ்சம் எழுதிக் கொடு" என்று கேட்பார் ஊர்தோறும் உண்டாதலின், அம்முறையை ஈண்டு ஒரு பாடமாக ஆராயப் புகுகின்றோம்.

ஆராய்ச்சி எளிதில் விளங்கும் பொருட்டு ஓர் ஊரையும் ஓர் ஆளையும் கண் முன் நிறுத்திக் கொள்வோம். ஊர், தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் வட்டத்தைச் சார்ந்த கம்பைநல்லூர். ஆள், நாம் கற்பனையாக அமைத்துக் கொண்ட ஒருவர். தருமபுரிச் சீமை புளிக்குப் பேர் போனது. புளி உலுக்கும் பருவத்தில் மரமேறுவதும், ஏனைக் காலத்தில் வயற்கூலி செய்வதும் இவர் தொழில். வயது 46. ஒரு நாள் கிளை முறிந்து வீழ்ந்தமையால் இடுப்பும் ஒரு காலும் பழுதுற்றன. ஊன்றுகோலின்றி நடத்தல் அரிதாயிற்று. இரு காதுகளும் முன்னரே சிறிது மந்தம். இனி மரமேறுதலும் இல்லை. வயலில் குனிந்து நிமிர்தலும் இல்லை. இவர்க்கு என்ன உரிமை உண்டு? அதனை எவ்வாறு பெறுவது?

முதற்கண் இவ்வுதவி பிச்சையன்று என்பதை உணர்தல் வேண்டும். 1950 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 41 ஆம் உறுப்பு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகியவை நேர்ந்த காலத்துக் குடிகளுக்குப் பொது உதவி கிடைக்கச் செய்தல் அரசின் கடமை என்று வகுத்துள்ளது. அரசின் பொருள் வலிமைக்கு உட்பட்டு என்னும் வரம்பும் அவ்வுறுப்பிலேயே உண்டு. அது நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறத்தக்கதாகவும் அமைக்கப்படவில்லை. ஆயினும் அவ்விதையினின்றே பிற்காலச் சட்டங்கள் முளைத்தன. தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962 இலும், ஊனமுற்ற ஆதரவற்றோர்க்கான உதவித் தொகை 1974 இலும் தொடங்கின. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக் கொண்டது. அதன் 24 ஆம் பிரிவு, பிறர்க்கு வழங்கும் ஒத்த உதவியினும் மாற்றுத்திறனாளிகட்கு வழங்குவது நூற்றுக்கு 25 பங்கேனும் மிகுதியாதல் வேண்டும் என்று விதிக்கின்றது. தமிழ்நாட்டில் 2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாற்றுத்திறனாளிகளின் மாத உதவி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் முதியோர் உதவி 1,200 ஆகவும் உயர்த்தப்பட்டன. 1,200 உடன் அதன் நாலில் ஒரு பங்கைக் கூட்டினால் 1,500 ஆதல் காண்க. ஏற்கத் தக்க உரிமையைக் கேட்பவர் தலை குனிய வேண்டுவதில்லை.

பிற நாடுகளில் இவ்வேற்பாடு வேறு வழியாகவும் வளர்ந்தது. ஜெர்மனி தேசம் 1889 இல் ஊனத்திற்கும் முதுமைக்கும் காப்புறுதிச் சட்டம் இயற்றியது. தொழிலாளி வாரந்தோறும் சிறிது செலுத்துவார். உழைப்பு அற்ற காலத்துப் பெறுவார். நம் நாட்டிலும் 1948 இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம் அவ்வழியது. ஆனால் அது ஆலைகளிலும் நிறுவனங்களிலும் பதிவு பெற்று ஊழியஞ் செய்வோர்க்கே அமைந்தது. மரத்துக்கு இவ்வளவென்று கூலி பேசி ஏறும் நம் தொழிலாளிக்குச் செலுத்திய தவணையும் இல்லை. பதிவேட்டிற் பெயரும் இல்லை. ஆதலின் அவர் நாடத்தக்கது காப்புறுதியன்று, உதவித் தொகையே.

இனி, இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். நம் தொழிலாளி எங்குச் சென்றாலும், "ஐயா, என்னால் வேலை செய்ய முடியவில்லை" என்றே கூறுவார். அது முழு உண்மை. ஆனால் அவ்வுண்மையை அப்படியே அளந்து பார்க்கும் அலுவலகம் எதுவும் இல்லை. அரசாங்கம் அதனை இரண்டு வினாக்களாகப் பிரித்து, இரண்டு இடங்களில் கேட்கின்றது. உடலில் உள்ள குறை எவ்வளவு என்று மருத்துவர் கேட்பார். பிழைப்புக்கு வழி யாது என்று வருவாய்த் துறையார் கேட்பார். மருத்துவரிடம் வறுமையைச் சொல்லி அழுதலும், வருவாய் அலுவலரிடம் எலும்பு முறிந்த கதையை விரித்தலும் பயனற்றவை. எவ்விடத்து எவ்வினாவிற்கு விடை கூறல் வேண்டுமோ, அவ்விடத்து அதற்கே சான்று காட்டுதல் வேண்டும். மனுக்கள் பல தோற்பது இவ்வேறுபாடு அறியாமையாலேயே என்பது எம் கருத்து.

முதல் வினாவை எடுத்துக் கொள்வோம். மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் பெறுவதே முதற்படி. ஆதார் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், கையொப்பம் அல்லது கைந்நாட்டு ஆகியவற்றுடன் இணையவழி விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவர் முன் நேரில் தோன்றுதல் வேண்டும். கம்பைநல்லூரார்க்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத் தலைநகரிலேயே உள்ளது. செல்லும்போது விபத்துக் காலத்துச் சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், மருத்துவமனையினின்று விடுவித்த குறிப்பு யாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு செல்க. குறையின் அளவு சதவீதத்தால் குறிக்கப்படும். சட்டத்தில் வரம்பாகக் கொள்ளப்படுவது 40 சதவீதம்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. அதனை மாணவர் நன்கு அறிதல் வேண்டும். ஒருவர்க்கு இரண்டு குறைகள் இருப்பின் இரண்டு எண்களையும் வெறுமனே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90 இலிருந்து கழித்து, எஞ்சியதைச் சிறிய எண்ணாற் பெருக்கி, 90 ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டுவர். நம் தொழிலாளியின் கால் முதலியவற்றிற்கு 30 சதவீதமும் செவிக்கு 18 சதவீதமும் மதிப்பிடப்பட்டன என்று கொள்வோம். 90 இல் 30 போக 60. அதனை 18 ஆற் பெருக்க 1,080. அதனை 90 ஆல் வகுக்க 12. 30 உடன் 12 சேர 42. காலை மட்டும் காட்டியிருப்பாராயின் 30 உடன் நின்று வரம்புக்கு வெளியே இருப்பார். காது மந்தத்தையும் சொன்னமையால் வரம்பினுள் வந்தார். "விழுந்தது மரத்திலிருந்து, காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று எண்ணி அவர் வாளா இருத்தல் இயல்பே. அருகில் நிற்கும் மாணவர் அதனை நினைவூட்டுவாராயின், அச்சிறு சொல்லே ஒரு குடும்பத்தின் உணவாகும்.

இரண்டாம் வினா ஊரிலே கேட்கப்படுவது. வருவாய்த் துறையின் மாத உதவிக்கு இ-சேவை மையத்தின் வாயிலாக மனுச் செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்ப, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணையிடுவார். வருமானம் எவ்வளவு, சொத்து யாது, தாங்குவார் உண்டா என்பனவே அவர்கள் ஆராய்வன. இங்கே மனு குறுகியதாயும் தெளிவாயும் இருத்தல் நன்று. விபத்துக்கு முன் செய்த தொழில், விபத்து நேர்ந்த நாள், அதன் பின் எந்த வேலை எந்தக் காரணத்தால் இயலாதாயிற்று, வீட்டில் உழைப்பார் யார், உண்பார் யார் என்பவற்றை வரிசையாக எழுதினாற் போதும். ஆதார் அட்டையிலும் குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் பிறந்த ஆண்டும் ஒன்றுபட்டிருக்கின்றனவா என்று முன்னரே பார்த்துக் கொள்க. மனுச் செய்ததற்குரிய ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வைத்துக் கொள்க.

உதவிகள் பலவாதலின் எது தமக்குரியது என்றும் தேர்தல் வேண்டும். மத்திய அரசு 2009 இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியம் வறுமைக் கோட்டின் கீழுள்ள, 80 சதவீதக் குறையுடையார்க்கு உரியது. நம் தொழிலாளிக்கு அது பொருந்தாது. அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு நோய், தொழுநோயால் நேர்ந்த பாதிப்பு, தண்டுவடக் காயம், 75 சதவீதத்திற்கு மேற்பட்ட கடுங்குறை ஆகியவற்றை உடையார்க்கு மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை பராமரிப்பு உதவித் தொகை வழங்குகின்றது. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகுதல் வேண்டும். நம் தொழிலாளியின் காயம் தண்டுவடத்தைத் தொட்டதா என்று மருத்துவரைக் கேட்டுச் சான்றிதழில் எழுதுவித்தல் இதனாலேயே இன்றியமையாதது. இதனையும் வருவாய்த் துறையின் உதவியையும் ஒருங்கே பெற இயலாது. அவர் 2011 இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் முன்னரே உறுப்பினராயிருப்பின், விபத்தால் நேர்ந்த ஊனத்திற்கான உதவியை அதன் வழியே தனியாகக் கேட்கலாம்.

இவ்வளவு செய்தும் மறுக்கப்பட்டால் என் செய்வது? காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பை எதிர்த்து மேலே செல்ல வழியில்லை. சான்றிதழைப் பற்றிய முடிவை எதிர்த்து முறையிடும் உரிமையை 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59 ஆம் பிரிவு அளிக்கின்றது. உடல் நிலை பின்னர் மோசமாயின் மறு மதிப்பீடும் கோரலாம்.

இம்முறையில் ஒரு குறையுண்டு என்பதையும் நாம் மறைத்தலாகாது. சதவீதம் உறுப்பை அளக்கின்றதேயன்றித் தொழிலை அளப்பதில்லை. ஒரு காலிற் பழுதுற்ற கணக்கர் மறு மாதமே நாற்காலியில் அமர்ந்து ஊதியம் பெறுவார். அதே பழுது, அதே சதவீதம், மரமேறுவாரின் பிழைப்பை அடியோடு அழித்துவிடும். 40 க்குச் சிறிது குறைந்து நின்றவர் வெறுங்கையுடன் திரும்புதலும் உண்டு. அதற்காகக் குறையை மிகுத்துக் காட்டும்படி ஒருவர்க்கும் நாம் கற்பித்தலாகாது. ஒரு பொய் வெளிப்படின் அடுத்து வரும் பத்து மெய்ம்மனுக்களும் ஐயத்துக்கு உள்ளாகும். தொழிலையும் நோக்கி அளக்கும் முறை வேண்டும் என்று கற்றவர் எடுத்துரைப்பதே இதற்கு நேர்வழி. அதுவரையில், உள்ள உண்மை ஒன்றும் விடுபடாமல் ஏட்டில் ஏறச் செய்வது நம் கடன்.

பெதஸ்தா குளக்கரையிற் கிடந்த மனிதரின் வரலாற்றை நம் கல்லூரிச் சிற்றாலயத்திற் பன்முறை கேட்டிருக்கின்றோம். 38 ஆண்டு நோயுற்றிருந்த அவர், தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதையே தம் குறையாகச் சொன்னார். குணம் தரும் நீர் அருகிலேயே இருந்தது. கொண்டு சேர்க்க ஆளில்லை. இன்று கம்பைநல்லூரிலும் அதனையொத்த ஊர்களிலும் சட்டம் இருக்கின்றது, அலுவலகம் இருக்கின்றது, தொகையும் இருக்கின்றது. வரும் விடுமுறையில் நம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மனுவையேனும் பிழையற எழுதிக் கொடுத்து, ஒருவரையேனும் மருத்துவர் முன் அழைத்துச் செல்வாராயின், அவர் கற்ற கல்வி பயன்பட்டதென்று கொள்வோம்.