கல்லூரி திறக்கும் முன் கணக்கும் இயற்பியலும்

பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் நெய்வேலிப் பிள்ளைகளுக்கு:

1. புதுப் புத்தகம் தேடும் முன், 12ஆம் வகுப்புக் கணக்கின் இரண்டாம் தொகுதியை எடுங்கள். பகுதி வகைக்கெழு, வகைக்கெழுச் சமன்பாடு இரண்டும் அதில் இருக்கின்றன. பொறியியல் கணக்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

2. நிரூபணங்களைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். மனப்பாடம் செய்தது, கேள்வி சற்று மாறினாலே கைவிட்டுவிடும்.

3. ஊரையே கணக்காக்குங்கள். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அது எத்தனை மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம்? (சுமார் 60 முதல் 80.) அடுத்து, ஒரு கிலோ பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ 2,600 கிலோகலோரி வெப்பம், ஒரு யூனிட்டுக்கு 860 கிலோகலோரி என்று வகுத்தால் மூன்று யூனிட். ஆனால் மின்சாரமாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மீதி எங்கே போகிறது என்று தேடுங்கள், வெப்ப இயக்கவியல் தானாக வரும். வீட்டில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள். பாடநூலில் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும்.

4. என்பிடெல் விரிவுரைகளில் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்து கடைசிவரை பாருங்கள். இலவசம்தான், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு காதுக்குப் பழகிவிடும்.

5. வெயில் ஏறுமுன், காலையிலேயே கடினமான கணக்குகளை முடியுங்கள். கத்திரி வெயிலில் மதியம் மூளை ஓடாது.

6. நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் தீர்வுப் புத்தகம் வாங்காதீர்கள். விடை கையருகே இருந்தால் யோசிக்கும் பொறுமை போய்விடும்.