டெங்கு மறுபடி வந்தால் ஏன் ஆபத்து?



"அம்மை ஒரு தடவை போட்டா மறுபடி போடாது" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். சின்னம்மைக்குப் பெரும்பாலும் அது சரி. ஆனால் டெங்குவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று பார்ப்போம்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. எந்த வகையானாலும் அதனிடம் இருக்கும் புரதங்கள் பத்தே பத்துதான். மூன்று வைரஸின் உருவத்தை அமைப்பவை. மற்ற ஏழும் நம் செல்லைத் தன்வசப்படுத்துபவை.

வைரஸ் நுழைந்ததும் நம் செல் இன்டர்ஃபெரான் என்ற அபாயச் சங்கை ஊதும். அந்தச் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோவது ஸ்டாட்2 என்ற நம் புரதம். வைரஸின் என்எஸ்5 அதை அழித்துவிடுகிறது. சங்கு ஊதியும் பயனில்லை! என்எஸ்1 என்ற இன்னொன்று ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாயின் உட்சுவரைப் பலவீனமாக்கி நீர் கசிய வைக்கிறது. காய்ச்சலின் முதல் நாட்களில் லேபில் எடுக்கும் என்எஸ்1 டெஸ்ட் தேடுவது இதைத்தான்.

இனி முக்கிய விஷயம். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு. பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள்கள் அதன் மேலுறையிலுள்ள 'இ' புரதத்தில் ஒட்டும். ஆனால் முழுசாக அடக்காது. எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதே என்று வெள்ளை அணு அதை உள்ளே இழுக்க, வைரஸ் அங்கேயே பெருகுகிறது. காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்!

கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,203 பேர் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு முறை டெங்கு கண்டவர்கள்.

இரண்டாம் முறை வரும் எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனாலும் முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளை நாமாக வாங்கிப் போடக்கூடாது. காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு"ன்னு கிளாசுக்குக் கிளம்பிவிடாதீர்கள்; நீர்க்கசிவு ஆபத்து அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி!

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அம்மா அப்பாவிடம் இதை நாம்தானே சொல்ல வேண்டும்?