முதல் சம்பளத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம்

சாத்தூர்,
மே மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது.  

பிளஸ் டூவில் நீ நல்ல மார்க் வாங்கியிருப்பதாக அம்மா போனில் சொன்னதும் மனசு நிறைந்துபோனது. அந்த மூச்சிலேயே இன்னொன்றும் சொன்னாள்: "ஆடி வந்தா இவளுக்குப் பதினெட்டு முடியுதுண்ணே. தீபாவளி வரைக்கும் பயர் ஆபீஸுக்கு, பட்டாசு வேலைக்கு, என்கூட வரட்டும். காலேஜை அப்புறம் பாத்துக்கலாம்." இதைப் போனில் பேசினால் எனக்கும் என் தங்கைக்கும் சண்டைதான் வரும். அதனால் உனக்கு எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

"தீபாவளி வரைக்கும்" என்று போனவர்களை ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்திய காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. கல்லூரிச் சேர்க்கை மே, ஜூனில் தொடங்கி ஆகஸ்டோடு முடிந்துவிடும். தீபாவளி வருவது ஐப்பசியில். அது முடியும்போது எந்தக் கல்லூரிக் கதவும் திறந்திருக்காது. அடுத்த ஜூன் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று மறுபடி வேலை. அதற்குள் வீட்டில் ஒரு விசேஷம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. உன் பெயரில் ஒரு முன்பணம். முன்பணம் வாங்கிவிட்டால், ஜூன் வந்தாலும் கழியும்வரை அந்த வேலையை விட்டு வர முடியாது. படிப்பை விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்து யாரும் விடுவதில்லை. தேதி தவறித் தவறியே விட்டுப்போகிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை வெடிமருந்து வேலையில் வைக்கக்கூடாது என்று 2016இல் திருத்திய சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடம் முடிகிற வயதும் ஆபீஸ் கேட் திறக்கிற வயதும் ஒன்றாக வந்து நிற்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான். காலையில் ஆட்களை ஏற்ற வருகிற ஆபீஸ் வேன் உன் வீட்டு வாசலுக்கே வரும். கல்லூரி அப்படி வராது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.

அம்மாவின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் மினுங்குமே, அந்தக் கையால்தான் உன்னையும் தம்பியையும் வளர்த்தாள். சின்ன வயதில் நானும் அவளும் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்கள். அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். ஆபத்தும் தெரியும். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆபீஸில் நடந்த வெடிவிபத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அப்போது எட்டாம் வகுப்பு. கொரோனாவால் வகுப்பு திறக்கவில்லை, வீட்டில்தான் இருந்தாய். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து சேரும்வரை நீ எப்படி நின்றாய் என்று நினைத்துப்பார். அப்படிப்பட்ட கேட்டுக்குள் உன்னை அனுப்பிவிட்டு அம்மா அப்படி நிற்க வேண்டாம்.

ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும், வேலைக்கு உத்தரவாதமும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது எத்தனை நாள் ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன என்று அம்மாவிடமே கேள்.

இனி உன் கையில் இருப்பதைப் பார்ப்போம். நான் படித்தபோது இதெல்லாம் கிடையாது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழேதான் பிளஸ் டூ முடிப்பவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி நடக்கிறது. உன்னையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கொடுத்த கையேடு டிவி மேலே தூசி படிந்து கிடந்ததைப் பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். முதலில் அதை எடுத்துத் துடை. எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு என்று அதில் இருக்கிறது. உன் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டுவதற்கென்றே ஒரு ஆசிரியர் இருப்பார். லீவு என்று தயங்காமல் போய்ப் பார். நம் மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ஜெயசீலன் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு 'காபி வித் கலெக்டர்' என்று உட்காரவைத்துப் பேசினார். கலெக்டர் முன்னால் உட்கார்ந்து "எனக்கு இது ஆகணும் சார்" என்று வாய்விட்டுச் சொன்ன பிள்ளை வீட்டிலும் அதைத் தைரியமாகச் சொல்லும். நீயும் சொல்லிப் பழகு.

இதையும் தாண்டி விட்டுப்போகிறவர்களுக்கு 'உயர்வுக்குப் படி' முகாம் இருக்கிறது. கல்லூரிக்காரர்கள், ஐ.டி.ஐ.க்காரர்கள், பேங்க், சான்றிதழ் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு முகாமில் உதவிக்கு நின்றபோது ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் பட்டாசு டப்பாவின் பாலிதீன் கவரில் மடித்து வைத்திருந்தான். வருமானச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்த விண்ணப்பமும் போடாமலே விட்டிருக்கிறான். தாளுக்குப் பயந்துதான் பாதிப்பேர் நின்றுபோகிறார்கள், பாடத்துக்குப் பயந்து இல்லை. இது என் அனுபவம்.

பணம் என்பாள் அம்மா. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிற 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் பேங்க் கணக்குக்கே வரும். மூன்று வருஷப் படிப்பென்றால் முப்பத்தாறாயிரம். பட்டப்படிப்புக்கு மட்டும் இல்லை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.க்கும் உண்டு. தம்பிக்கு அவன் முறை வரும்போது 2024இல் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது. என்ஜினீயரிங் போனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குப் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆபீஸ் சம்பளத்துக்கு இது ஈடாகாது என்று அம்மா சொன்னால், அது உண்மைதான். ஆனால் அந்தச் சம்பளம் பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும்.

எங்கே சேருவது? என் யோசனையைச் சொல்கிறேன், முடிவு உன்னுடையது. நீ கணக்கு படித்த பிள்ளை. பிளஸ் டூவில் கணக்கும் அறிவியலும் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். விருதுநகரில் அரசு உதவி பெறும் வி.எஸ்.வி.என். பாலிடெக்னிக் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் டிப்ளமா கையில். அதற்குப் பிறகு வேலைக்கும் போகலாம், பி.இ.யில் மறுபடி நேராக இரண்டாம் வருஷத்திலும் சேரலாம். நடுவில் வீட்டு நிலைமையால் நின்றாலும் ஒரு தகுதியோடு நிற்பாய். அமெரிக்காவில் இதே கணக்கில்தான் 1901இல் ஜோலியட் என்ற ஊரில் பொது நிதியில் நடக்கும் முதல் இரண்டு வருஷக் கல்லூரி தொடங்கியது. அவர்கள் சமுதாயக் கல்லூரி என்பதை இங்கே 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த வருஷம் சென்னையிலும் ஆரம்பித்தார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு படிக்கட்டாக இருக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் கால் ஊன்றி நிற்க இடம் வேண்டும்.

ஐ.டி.ஐ. என்றால் முகம் சுளிக்காதே. நான் அங்கே உப்புத் தின்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. 2023 முதல் மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்து, ரோபோ, மின்சார வாகனம் என்று புதுப் பிரிவுகள் கொண்டுவந்தார்கள். கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பட்டப்படிப்புதான் வேண்டும் என்றால் சிவகாசியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வேதியியல் படி. வெடிமருந்தின் குணம் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலுக்குத்தான் அதிகம் தேவை. அப்போது நீ பயர் ஆபீஸுக்குப் போனால் நானே வண்டியில் கொண்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து ஏஜென்ட்கள் சுற்றுவார்கள். நர்சிங் என்பார்கள், சேர்ந்தாலே வேலை என்பார்கள். கல்லூரிக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பள்ளி ஆசிரியரிடம் கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் விடாதே. சந்தேகம் என்றால் 14417க்குப் போன் போடு, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

நூறு வருஷத்துக்கு முன்னால் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். கற்றுக்கொண்டு திரும்பிவந்து செய்ததில்தான் இந்த வட்டாரமே எழுந்தது. பின்னால் தொழிலதிபர்கள் கல்லூரிகளும் கட்டினார்கள்; 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் பெண்களுக்கு எஸ்.எஃப்.ஆர். கல்லூரி. பிளஸ் டூ தேர்ச்சியில் நம் மாவட்டம் எத்தனையோ முறை மாநிலத்தில் முதலிடம். ஆனாலும் ஆபீஸில் பட்டாசுக் குழாய் சுற்றுகிறவர்களின் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அந்தக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட ஆள் இல்லாமல் போனது. இத்தனை வருஷம் அதுதான் எனக்கு ஆற்றாமை.

வருகிற சனிக்கிழமை காலை சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, நான் நிற்பேன். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ் புக், போட்டோ கொண்டுவா. வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் அன்றைக்கே இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். பாலிடெக்னிக் ஒன்று, கலைக் கல்லூரி ஒன்று, ஐ.டி.ஐ. ஒன்று, மூன்றுக்கும் விண்ணப்பம் போடுவோம். எது முதலில் கிடைக்கிறதோ அதில் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம்.

அம்மா ஆபீஸில் வாங்கிய முன்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. தீபாவளிக்குள் அதை அடைக்கத்தான் உன்னையும் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதை நானும் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா