காட்டு விறகுக்கும் சீட்டு

கேள்வி: அமெரிக்காவில் அரசுக் காடுகளில் யார் வேண்டுமானாலும் விறகு வெட்டலாமாமே?

பதில்: வெட்டலாம், கையில் சீட்டு இருந்தால். தேசிய வனங்களில் வீட்டு அடுப்புக்கு விறகு சேர்ப்பவர் முதலில் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். முகாமிட்டவர் குளிர்காயச் சுள்ளி பொறுக்குவதற்குப் பெரும்பாலும் சீட்டு கேட்பதில்லை.

அங்கே விறகின் அளவு 'கார்ட்'. 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்ட், அதாவது 128 கன அடி.

எந்த மரம், எந்த இடம் என்பது வனத்துக்கு வனம் மாறும். பொதுவாக விழுந்த மரமும் பட்ட மரமும்தான். பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. பட்ட மரத்திலும் பறவைக் கூடு இருந்தால் பல இடங்களில் விட்டுவிட வேண்டும். மின்ரம்பம் அல்ல, பெட்ரோல் ரம்பம் என்றால் தீப்பொறித் தடுப்பான் கட்டாயம். கடுங்கோடையில் வெட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கென்று வாங்கிய சீட்டில் வெட்டியதை விற்கவும் முடியாது.

வெட்டியதைத் தொலைதூரம் கொண்டுபோவதும் ஆபத்து. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் ஆசிய வண்டு, விறகோடு ஒட்டிக்கொண்டே பல மாநிலங்களுக்குப் பயணம் போனது.