பூநாரையைச் சிவக்க வைப்பது இறாலா?

பூநாரையின் நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ‘இறால் தின்று சிவந்த பறவை’ என்ற விளக்கம் எங்கிருந்தாவது வந்து விழும். வினாடி வினாப் புத்தகமும் அதைத்தான் ஒப்பிக்கிறது. இதில் பாதிதான் உண்மை, மீதி சோம்பல்.

கரோட்டினாய்டு நிறமிகளை இறால் தயாரிப்பதில்லை. பாசிகளும் தாவரங்களும் நுண்ணுயிர்களும்தான் தயாரிக்கின்றன. உப்புநீர் இறால் பாசியைத் தின்கிறது, பூநாரை அந்த இறாலைத் தின்கிறது. இறால் வெறும் இடைத்தரகர். அந்தத் தரகர் இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்குக் கென்யாவின் நகூரு, பொகோரியா ஏரிகளே சாட்சி. அங்கே கூடும் சிறு பூநாரைக்கு முதன்மை உணவு ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி. இறால், புழு, நத்தை என்று வகைவகையாகத் தின்னும் பெரும் பூநாரையைவிட, பச்சையைத் தின்னும் இதற்குத்தான் சிவப்பு அதிகம். இதற்குப் பிறகும் இறால் கதையை விடாதவர்களுக்கு என்ன சொல்வது!

ஸ்பைருலினாவின் பச்சைக்குள் பீட்டா கரோட்டின் ஒளிந்திருக்கிறது. கேரட்டில் இருப்பதும் அதுதான். பூநாரையின் கல்லீரல் நொதிகள் அதைக் கேன்தாசாந்தின் போன்ற சிவப்பு நிறமிகளாக மாற்ற, அவை வளரும் இறகிலும் கால் தோலிலும் படிகின்றன. வளர்ந்து முடிந்த இறகில் உயிரில்லை. இன்றைய தீனி அதன் உள்ளே புகுந்து சாயமேற்றாது. சாம்பல் நிறக் குஞ்சு முழு நிறம் பெறச் சில ஆண்டுகள் ஆகின்றன. நிறமியற்ற தீனி தரும் உயிரியல் பூங்காக்களில், பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்க முளைக்கப் பறவை வெளுத்துவிடும். அதனால்தான் தீனியில் கேன்தாசாந்தின் கலக்கிறார்கள்.

பூநாரையைப் பற்றிய மற்ற கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டும் சிவப்புத் திரவம் இரத்தமல்ல. தாய், தந்தை இரண்டுக்குமே சுரக்கும் பால், நிறமி கலந்தது. அதன் காலில் பின்னோக்கி மடிவது முழங்காலல்ல, கணுக்கால். பெயரில் நாரை இருந்தாலும் பூநாரை நாரைக்கு நெருங்கிய உறவில்லை. மரபணு ஆய்வின்படி அதன் உறவு, குளத்தில் மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பான்.

அலகைக் கவிழ்த்து, சேற்றுநீரைச் சலித்துச் சலித்துப் பொடி உணவைத் திரட்டும் பறவைக்கு வயிறு நிறைய நேரம் பிடிக்கும்; கலைத்துப் பறக்கவிட்டால் அந்த நேரம் வீணாகும். பூநாரை பார்க்கப் பழவேற்காடு ஏரிக்குப் போகிறவர்கள், சிவப்பிறகு விரியும் ஒரு படத்துக்காகப் படகைக் கூட்டத்துக்குள் விடச்சொல்லிப் படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம். தொலைநோக்கியில் பார்த்தாலும் நிறம் நன்றாகவே தெரியும்.