ஒளிப்படப் பயணமும் பொச்சாவாமையும்

முன்னுரை

ஏட்டில் உள்ளதைக் கற்பது மட்டும் கல்வியாகாது; நாட்டில் உள்ளதையும் கற்றல் வேண்டும். காவிரிப் படுகையில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். தஞ்சையின் கல்வெட்டுகள், மன்னார்குடியின் அரித்திராநதித் தெப்பக்குளம், கூத்தாநல்லூரின் பழைய வீடுகள், முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு, வயல் வரப்புகளில் வாழும் நாட்டுப்புறப் பாடல்கள் ஆகிய அனைத்தும் நம்மைக் களத்துக்கு அழைக்கின்றன. அக்களப்பணியில் எழுதுகோலுக்கு இணையான துணையாகக் கேமரா வந்து சேர்ந்துள்ளது. ஆயின் எழுதுகோலை மறந்தவன் அடுத்தவனிடம் இரவல் பெறலாம். கேமராவின் ஓர் உறுப்பை மறந்தவனுக்கு அவ்வாய்ப்பு அரிது. எனவே ஒளிப்படப் பயணத்துக்கு முன் மறவாது கொள்ளத்தக்கன யாவை, மறதி ஏன் நேர்கிறது, அதனை வெல்லும் நெறி யாது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

இருட்டறையிலிருந்து கேமரா

கேமரா என்னும் சொல் இலத்தீன் மொழியில் அறை எனப் பொருள்படும். இருட்டறை ஒன்றின் சிறு துளை வழியே நுழையும் ஒளி, வெளியிலுள்ள காட்சியை எதிர்ச்சுவரில் தலைகீழாகக் காட்டுவதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். இதனைச் சோதனை வழியே முறையாக ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் அரபு மொழியில் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. தஞ்சையில் இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளலாம். ஒளியின் இலக்கணம் ஒருபுறமும், பின்னாளில் அவ்வொளியால் பதிவு செய்யப்படவிருந்த கல்லெழுத்து மறுபுறமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருப்பெற்றன. இரண்டும் தஞ்சையிற் சந்திக்க எண்ணூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

தஞ்சைக்கு வந்த ஒளிப்படக் கலைஞர்

அச்சந்திப்பை நிகழ்த்தியவர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிற் சேர்ந்த இவர், பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857-இன் இறுதியிலும் 1858-இன் தொடக்கத்திலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களுக்குச் சென்று படம் எடுத்தார்.

அப்பயணத்தின் அருமையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டிரைப் கையாண்டது மெழுகுத்தாள் முறை. தாளை மெழுகில் தோய்த்து, அயோடின் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, பின் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டு ஒளியுணரச் செய்தல் வேண்டும். படம் எடுத்த பின் மற்றொரு கரைசலில் உருத்துலக்கி, வேறொன்றில் நிலைப்படுத்தல் வேண்டும். பெரிதாக்கும் வசதி அக்காலத்தில் நடைமுறையில் இல்லாமையால், படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய தாளும், அத்தாள் கொள்ளும் அளவுக்குப் பெரிய மரக் கேமராவும் தேவைப்பட்டன. கேமரா, முக்காலி, தாள்கட்டு, மருந்துப் புட்டிகள், தட்டுகள், இருட்டுக் கூடாரம் என இவையெல்லாம் மாட்டு வண்டியில் ஏறின. வழியில் ஒரு மருந்து தீர்ந்தாலோ ஒரு தட்டு விடுபட்டாலோ மன்னார்குடிச் சந்தையிலோ தஞ்சைக் கீழவீதியிலோ வாங்க இயலாது. பொருள் உண்டேல் படம் உண்டு, இன்றேல் இல்லை.

மெழுகுத்தாள் முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. அக்காலத்திற் பரவி வந்த ஈரக் கண்ணாடித் தகடு, பூசிய சில நிமிடங்களுக்குள் படமாக்கப்பட்டாக வேண்டும். மெழுகுத்தாளோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து சில நாள் வரை வைத்திருக்கத் தக்கது. ஆகவே அம்முறையில் வெற்றி என்பது களத்தில் அன்று; முன்னிரவில் கூடாரத்துக்குள் தீர்மானிக்கப்பட்டது எனலாம். இவ்வாறு ஆயத்தம் செய்து சென்ற டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படம் எடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். இடையில் ஒரு தாள் குறைந்திருப்பின் கல்வெட்டில் சில சொற்கள் விடுபட்டிருக்கும். கருவியின் குறை வரலாற்றின் குறையாக மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியைச் செலவு மிகுந்த ஆடம்பரமெனக் கருதி நிறுத்தினார். பணி நின்றது, ஆனால் எடுத்த படங்கள் இன்றும் நிற்கின்றன.

மகிழ்ச்சியால் வரும் மறதி

திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது வெறும் நினைவுக் குறைவு அன்று; உவகை மிகுதியால் கடமையிற் சோர்தல் என்பது அதன் நுட்பம். அவ்வதிகாரம் தொடங்கும்போதே இச்சோர்வை அளவிறந்த சினத்தினும் தீயதாக வைத்துப் பேசுகிறார் வள்ளுவர். அறியாதவன் மறப்பதில்லை; அறிந்தவனே மறக்கிறான். துயருற்றவனை விடக் களிப்புற்றவனே மிகுதியும் மறக்கிறான். பயணத்தின் முன்னிரவு எத்தகையது என்று எண்ணிப் பார்ப்பின் இது விளங்கும். எந்தப் பேருந்து, எவர் எவர் வருவர், என்ன உண்பது என்னும் பேச்சிலும் சிரிப்பிலும் இரவு கழிகிறது. கருவிப் பை மட்டும் மூலையில் கிடக்கிறது.

இதனை நாம் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம், சம்பா நடவுக் காலத்தில், நடவுப் பாடல் தொகுக்கும் பொருட்டு மன்னார்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றுக்கு மாணவர் சிலருடன் சென்றோம். எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வரப்பில் அமர்ந்து பத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். பாடி முடித்தபின், படம் எடுப்போம் என்று முன்பே சொல்லியிருந்தமையால், வீட்டுக்குச் சென்று நல்ல சேலை உடுத்தி வந்து நின்றார். நாம் கேமராவை எடுத்து இயக்கினோம், அது இயங்கவில்லை. திறந்து பார்த்தால் பேட்டரி இருக்குமிடம் வெறுமையாக இருந்தது. இரவில் மின்னேற்றம் செய்யக் கழற்றிய பேட்டரி, நம் வீட்டுச் சுவரில் சார்ஜரிலேயே இருந்தது. கைப்பேசியில் நல்ல படம் எடுக்க இயலாத காலம் அது. "அதனாலென்ன ஐயா, இன்னொரு நாள் வாங்க" என்றார் அம்மூதாட்டி.

பொங்கல் கழிந்து மீண்டும் சென்றோம். மார்கழியில் அவர் காலமாகிவிட்டார் என்பது அங்குச் சென்றபின்தான் தெரிந்தது. அவருடைய மகள் எம்மைக் கண்டதும், "அன்னைக்கு ஆத்தாவைப் படம் புடிச்சீங்களே ஐயா, அது கிடைக்குமா? எங்ககிட்ட ஒன்னுகூட இல்லை" என்று கேட்டார். பாடல்கள் எம் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றைப் பாடிய முகம் இல்லை. உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம். கையளவினும் சிறிய ஒரு பொருளை மறந்ததால் ஒரு குடும்பம் இழந்தது எவ்வளவு என்பதை அன்று உணர்ந்தோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அக்கேள்வியே ஆகும்.

எடுத்துச் சென்றும் எட்டாமை

பொருளை எடுத்துச் சென்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நிலவிலிருந்தே சான்று உண்டு. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கலத்தில் நிலவுக்குச் சென்ற ஆலன் பீன், பீட் கான்ராட் இருவரும், அங்கு முன்பே இறங்கியிருந்த சர்வேயர் 3 என்னும் கருவிக்கு முன் தாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று எடுக்க எண்ணினர். படம் எடுக்க மூன்றாமவர் இல்லாத இடத்தில் அப்படத்தைக் காண்போர் வியப்புறுவர் என்பது அவர்கள் கருத்து. இதற்கெனக் கேமராவில் பொருத்தும் தானியங்கி நேரக் கருவி ஒன்றை உடன்கொண்டு சென்றனர். ஆனால் உரிய வேளையில் கருவிப் பையில் கற்களுக்கும் தூசுக்கும் இடையே அது அகப்படவில்லை. வேலை முடியும் தறுவாயில் அது கிடைத்தது. அப்போது காலம் கடந்துவிட்டது. படம் எடுக்கப்படவே இல்லை. வேண்டும்போது கைக்கு எட்டாத பொருள், வீட்டில் விட்டுவந்த பொருளுக்கு ஒப்பாகும்.

ஒளி செல்லும் வழியே நினைவின் வழி

மறவாமைக்கு நாம் மாணவர்க்குக் கூறும் நெறி எளியது. பொருள்களைத் தனித்தனியே நினைவிற் கொள்ள முயலாது, ஒளி செல்லும் வழியை மனத்தால் தொடர்ந்து செல்லுக.

முதலில் ஒளி புகுவது லென்ஸ். கல்வெட்டுக்கும் வீட்டுக்கும் ஒருவகை, தொலைவிலுள்ள பறவைக்கு மற்றொரு வகை வேண்டும். அதன் மூடியும், துடைக்கும் மென்துணியும் உடனிருத்தல் வேண்டும். அடுத்தது கேமரா. முந்தைய நாள் இரவில் எடுத்தபோது வைத்த ஒளியுணர்வு அளவு மாற்றப்படாதிருப்பின் மறுநாள் படங்கள் பழுதாகும். நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் காண்க. ஆய்வேட்டில் அவை சான்றாகும். அதன்பின் ஒளி பதிவாகும் இடம் மெமரி கார்டு. 32 ஜிபி கார்டு ஒன்றில், படத்துக்கு 25 எம்பி வீதம், ஏறத்தாழ 1,200 படங்கள் கொள்ளும். பழைய படங்களைக் கணினியில் சேர்த்தபின் கார்டை மீண்டும் கேமராவில் இட மறப்பது மிகப் பொதுவான பிழை. அடுத்து, இவை அனைத்தையும் இயக்கும் பேட்டரி. மாற்றுப் பேட்டரி ஒன்றும் சார்ஜரும் வேண்டும். பின்னர்க் கேமராவைத் தாங்கும் முக்காலி. முக்காலியையும் கேமராவையும் இணைக்கும் சிறு தட்டு விடுபட்டால் முக்காலி வெறும் மூன்று கோல்களே. இறுதியாக இவற்றைக் காக்கும் பையும் மழையுறையும், செய்தியைக் காக்கும் குறிப்பேடும் எழுதுகோலும்.

கைப்பேசியால் படம் எடுப்போர்க்கும் இந்நெறி பொருந்தும். லென்ஸைத் துடைத்தல், சேமிப்பிடத்தை ஒழித்து வைத்தல், மின்னேற்றம் செய்தல், பவர் பேங்க் கொள்ளுதல் ஆகிய நான்கும் அவர்க்கு இன்றியமையாதவை.

இவற்றோடு வரிசை ஒன்றும் உண்டு. முதலில் மின்னேற்றம், அடுத்துப் பொருத்துதல், இறுதியிற் சோதனை. எல்லாவற்றையும் பொருத்தி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் லென்ஸ், கார்டு, பேட்டரி மூன்றும் உள்ளன என்பது ஒருங்கே உறுதியாகும். ஆனால் சோதித்த பின் மின்னேற்றத்துக்கெனப் பேட்டரியைக் கழற்றினால் அச்சோதனை பயனற்றது. நாம் அன்று செய்த பிழை இதுவே. சோதனைக்குப் பின் எதனையும் கழற்றற்க. ஒவ்வொரு பொருளுக்கும் பையில் ஓரிடம் வகுத்து, அவ்விடத்திலேயே எப்போதும் வைக்க. தாளில் பட்டியல் எழுதி முன்னிரவில் ஒரு முறை, புறப்படும்போது ஒரு முறை, களத்தை விட்டு நீங்கும்போது ஒரு முறை எண்ணுக. மூன்றாம் எண்ணிக்கையை விட்டவர் பலர், முக்காலித் தட்டை வயல் வரப்பிலேயே இழந்துள்ளனர்.

காலமும் இடமும்

வள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வேந்தர்க்குக் கூறிய இவ்வைப்பு முறை களப்பணியாளர்க்கும் பொருந்துகிறது. மன்னார்குடிக்கும் தஞ்சைக்கும் இடையிலுள்ள வடுவூர் ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்குப் பறவைகள் மிகுதி. விடியற்காலைப் பனியில் குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துச் சென்ற கேமராவைத் திடீரெனத் திறந்தால் லென்ஸில் நீராவி படியும். பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து எடுத்தல் நன்று. ஈரக்காற்று மிகுந்த நம் பகுதியில் லென்ஸில் பூஞ்சை படர்தலும் இயல்பாதலின், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பையிலும் பெட்டியிலும் இடுக. முத்துப்பேட்டைக்குப் படகில் செல்வோர்க்கு உப்புநீர்த் துளிகளைத் தடுக்கும் உறை வேண்டும்.

அனுமதியும் ஒரு கருவியே. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள நினைவிடங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி தேவை. கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தர்காவாயினும், அவ்விடத்துப் பெரியோரைக் கேட்டே படம் எடுத்தல் பண்பாகும்.

முடிவுரை

டிரைப் எடுத்த கல்வெட்டுச் சுருளும், நாம் எடுக்கத் தவறிய மூதாட்டியின் படமும் ஒரே பாடத்தைத் தருகின்றன. ஒன்று ஆயத்தத்தின் பயன். மற்றொன்று அயர்ச்சியின் விலை. கல் காத்திருக்கும், மனிதர் காத்திருப்பதில்லை. இன்று நம் ஊர்களில் ஓட்டு வீடுகளும், திண்ணைகளும், பாடல் அறிந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களைத் தேடிச் செல்லும் மாணவர், தம் வாயிற்படியைக் கடக்கும் முன் ஒரு கணம் நின்று பையைத் திறந்து எண்ணிப் பார்ப்பாராக. அம்மகள் கேட்ட கேள்வியை இன்னொருவர் அவரிடம் கேட்குங்கால், "இதோ இருக்கிறது அம்மா" என்று படத்தை எடுத்து நீட்டும் பேறு அவர்க்கு வாய்க்கட்டும்.